காய்ச்சலின் முதல் ஐந்து நாள்

ஐப்பசி மழை பிடித்ததும் காரைக்குடியின் ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் கூட்டம் சேரத் தொடங்கும். காய்ச்சல் கண்ட இரண்டாம் நாள் ரத்தம் கொடுத்தவருக்கு வந்திருப்பது டெங்கு என்றால், அதுவும் முதல்முறை என்றால், அவர் கைக்கு வரும் தாளில் பெரும்பாலும் இரண்டு வரிகள் இப்படி இருக்கும்: என்எஸ்1 பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ். வைரஸ் தொற்றிய செல்கள் வெளியே விடும் புரதம் ரத்தத்தில் ஓடுகிறது என்பது முதல் வரியின் பொருள். அந்த வைரஸுக்கென்றே உடல் தயாரிக்க வேண்டிய எதிர்ப்பொருள் இன்னும் வந்து சேரவில்லை என்பது இரண்டாவதன் பொருள். காய்ச்சல் தொடங்கி ஏறக்குறைய ஐந்தாம் நாளில்தான் அது பரிசோதனைக்கு எட்டும் அளவுக்குச் சேரும்.

அந்த ஐந்து நாளும் வைரஸைப் பிடித்து நிறுத்துவது எது? கொசு கடித்ததற்கும் காய்ச்சல் கண்டதற்கும் இடையே ஏற்கெனவே நான்கு முதல் பத்து நாள் போயிருக்கும். ஒரு செல்லுக்குள் நுழைந்த டெங்கு வைரஸ் ஓரிரு நாளில் ஆயிரக்கணக்கில் பெருகி வெளியேறக்கூடியது. தடையே இல்லாமல் அது பெருகியிருந்தால் எதிர்ப்பொருள் வரும்வரை யாராலும் தாங்கியிருக்க முடியாது. ஆனால் பெரும்பாலோர் தாங்குகிறார்கள். டெங்கு தொற்றியவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் தமக்குத் தொற்று வந்ததையே அறிவதில்லை.

இந்த வேலையைச் செய்யும் அமைப்பைப் பள்ளிப் பாடப்புத்தகங்கள் இயல்பு நோய்த்தடைகாப்பு என்கின்றன. பிறக்கும்போதே மரபணுக்களில் எழுதி வந்தது அது. எந்த நோயையும் முன்பே கண்டிருக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. எதிர்ப்பொருளே செய்யத் தெரியாத ஈயும் நட்சத்திர மீனும் அதை மட்டும் வைத்துக்கொண்டு கோடிக்கணக்கான ஆண்டுகள் பிழைத்திருக்கின்றன. தடுப்பூசி பற்றியும் எதிர்ப்பொருள் பற்றியும் கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு பேசினோம். இந்த முதல் காவலைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை. பேசியபோதும் ‘எதிர்ப்புச் சக்தி’ என்ற ஒரே சொல்லில் அடக்கி, அதைக் கூட்டிக்கொள்ளப் பொடியும் கஷாயமும் வாங்கினோம். கடந்த 30 ஆண்டு ஆய்வுகள் காட்டும் சித்திரம் வேறு. இந்தத் தடைகாப்பில் உயிரைக் காப்பது அதன் வலுவைவிட அதன் நேரம்: விரைவாகத் தொடங்கவும் வேண்டும், வேலை முடிந்ததும் அடங்கவும் வேண்டும். செட்டிநாட்டுக் காய்ச்சல்களை வைத்தே இதை விளங்கிக்கொள்ள முடியும்.

செட்டிநாட்டின் பெரும்பகுதி அடங்கிய சிவகங்கை வானம் பார்த்த மாவட்டம். தண்ணீரைச் சேர்த்து வைக்கும் அறிவு செட்டிநாட்டு ஊர்களின் அமைப்பிலேயே இருக்கிறது. ஓட்டுக்கூரைகள் உள்நோக்கிச் சரிந்து மழையை முற்றத்தில் இறக்கும்; அண்டாவிலும் தொட்டியிலும் பிடிப்பார்கள்; மிச்சம் வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும். டெங்குவையும் சிக்குன்குன்யாவையும் சுமக்கும் ஏடிஸ் எகிப்தி கொசு ஊருணியிலோ சாக்கடையிலோ வளர விரும்புவதில்லை. அதற்கு வேண்டியது வீட்டை ஒட்டிய சிறு கொள்ளளவில் தேங்கிய, ஓரளவு தெளிந்த நீர். மூடாத சிமென்ட் தொட்டி, டிரம், ஆட்டுக்கல்லின் குழி, பழைய டயர் போதும். முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டி வைக்கும். தொட்டி வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு காத்திருந்து, அடுத்த மழையில் நீர் தொட்டதும் பொரிக்கும். செட்டிநாட்டின் 70-க்கும் மேற்பட்ட ஊர்களில் பெரிய வீடுகள் பல ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் திறப்பார்கள். இடையில் பெய்யும் மழை திறந்த முற்றத்தில் பெய்துகொண்டுதான் இருக்கிறது. கொசுப்புழு பார்க்க வரும் சுகாதாரப் பணியாளர் பூட்டைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் கொண்டுவிற்கப் போன கடல்வழிகளும் இந்த நோய்களின் வரலாற்றில் வருகின்றன. டெங்கு ரத்தக்கசிவுக் காய்ச்சல் பெரும் பரவலாக 1954-இல் மணிலாவிலும் 1958-இல் பாங்காக்கிலும் கண்டது. 1962-இல் பினாங்கில் தென்பட்டது. 1963-இல் கல்கத்தாவில். அதே 1963-இல் கல்கத்தாவில் சிக்குன்குன்யாவும் தலைகாட்டியது. அடுத்த ஆண்டு சென்னை, வேலூர், புதுச்சேரி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கேரி, ரூத் மையர்ஸ், ரேச்சல் ரூபன் உள்ளிட்டோர் 1964-இன் அந்தப் பரவலை ஆராய்ந்து, ஒரே ஊரில் ஒரே பருவத்தில் டெங்குவும் சிக்குன்குன்யாவும் சேர்ந்தே ஓடியதைப் பதிவு செய்தார்கள். தென்னிந்தியாவின் வைரஸ் ஆய்வில் மிக முக்கியமான பதிவுகளில் ஒன்று அது. பூச்சியியலாளரான ரேச்சல் ரூபன் பிற்காலத்தில் மதுரையில், காரைக்குடியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்துக்குத் தலைமை தாங்கினார்.

சிக்குன்குன்யா 1973-இல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் ஒருமுறை பரவிவிட்டு, பிறகு முப்பது ஆண்டுக்கு மேல் பெரும் பரவலாக எழவில்லை. 2005-இன் கடைசியில் அது மீண்டும் இந்தியாவுக்குள் வந்தபோது, இளையவர்கள் பெரும்பாலோரின் ரத்தத்தில் அதைப் பற்றிய நினைவே இல்லை. 2006-இல் நாடு முழுவதும் பதிவான சந்தேக நோயாளிகள் 13.9 லட்சம் பேர். தெருவுக்குத் தெரு மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களைத் தமிழ்நாடு மறந்திருக்காது. எதிர்ப்பொருளும் இல்லை, தடுப்பூசியும் இல்லை, வைரஸைக் கொல்லும் மருந்தும் இல்லை. அப்படியிருந்தும் மிகப் பெரும்பாலோருக்கு ரத்தத்திலிருந்த வைரஸ் ஒரு வாரத்துக்குள் வடிந்துவிட்டது. முதல் நாட்களில் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் கோடிக்கணக்கில் இருக்கக்கூடிய வைரஸ் அது.

கொசு ஊசியை இறக்கும் இடத்திலிருந்து தொடங்குவோம். ரத்தக்குழாயைத் தேடும்போது அது உமிழ்நீரோடு வைரஸையும் தோலுக்குள் விட்டுவிடுகிறது. தோலுக்குள் லாங்கர்ஹான்ஸ் செல், டென்ட்ரைட்டிக் செல், மேக்ரோஃபேஜ் என்று பல காவல் செல்கள் இருக்கின்றன. டெங்கு முதலில் தொற்றுவதே இவற்றைத்தான். அந்நியப் பொருளை விழுங்கி நிணநீர்க்கணுவுக்குக் கொண்டுபோய்க் காட்டுவது இவற்றின் வேலை. காட்டப் போகும் வழியில் வைரஸும் கூடவே பயணம் செய்துவிடுகிறது. சிக்குன்குன்யா விரும்புவது வேறு செல்லை. தோலிலும் தசையிலும் மூட்டைச் சுற்றிய திசுவிலும் உள்ள நார்த்திசுச் செல்களில் அது குடியேறும். இரண்டு காய்ச்சலும் ஒரே கொசுவால் வந்தும் ஒன்று ரத்தக்குழாயையும் மற்றது மூட்டையும் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உள்ளே நுழைந்த வைரஸ் தன் ஆர்.என்.ஏ. இழையைச் செல்லுக்குள் இறக்குகிறது. இங்கேதான் கடினமான கேள்வி. நம் செல்லுக்குள்ளும் எந்நேரமும் ஆர்.என்.ஏ. இருக்கிறது. அதுவும் இதே நான்கு எழுத்துகளால் ஆனது. நம்முடையது எது, வந்தது எது என்று செல்லுக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்கு நெடுங்காலம் யாரும் கவனம் கொடுக்கவில்லை. 1882-இல் மெசினா கடற்கரையில் இலியா மெச்னிகோஃப் நட்சத்திர மீனின் புழுவுக்குள் ரோஜா முள்ளைக் குத்தி வைத்து, மறுநாள் அதைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்திருப்பதைக் கண்டதிலிருந்து விழுங்கும் செல்கள் தெரிந்தவைதான். 1908-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அதன் பிறகு 80 ஆண்டு ஆய்வின் பெரும்பகுதி எதிர்ப்பொருள் பக்கமே போனது. 1989-இல் யேல் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் ஜேன்வே ஒரு கட்டுரையில் தம் துறையின் மறைவான ரகசியம் ஒன்றைப் போட்டு உடைத்தார்: தூய புரதத்தை மட்டும் ஊசியாகப் போட்டால் உடல் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை, கொன்ற பாக்டீரியா போன்ற ஒன்றையும் கலந்தால்தான் எதிர்ப்பொருள் வருகிறது. அப்படியானால் கிருமிகளிடம் மட்டுமே உள்ள சில பொது அடையாளங்களைக் காணும் உணரிகள் நம் செல்களில் இருந்தாக வேண்டும் என்று ஊகித்தார். அப்போது அப்படியொரு உணரியைக்கூட எவரும் கண்டிருக்கவில்லை. 1996-இல் ஸ்ட்ராஸ்பூர்கில் ஜூல்ஸ் ஹாஃப்மனின் குழு, டோல் என்ற மரபணு பழுதுபட்ட பழ ஈ பூஞ்சையை எதிர்க்க முடியாமல் சாவதைக் காட்டியது. 1998-இல் புரூஸ் பாய்ட்லர் எலியில் அதன் இணையைக் கண்டறிந்தார். இருவருக்கும் 2011-இல் நோபல் பரிசு பகிரப்பட்டது. ஜேன்வே 2003-இலேயே இறந்துவிட்டார். அவர் பெயர் அந்த மேடையில் இல்லாமல் போனது இந்தத் துறையை வாசிக்கும் எவருக்கும் உறுத்தவே செய்யும்.

செல் இரண்டு விதமாக அந்நியரைக் காண்கிறது. ஒன்று, உருவத்தை வைத்து. நம் செல் தன் செய்தி ஆர்.என்.ஏ.வின் தலையில் ஒரு வேதி மூடியை மாட்டித்தான் வெளியே அனுப்பும். வைரஸ் பெருகும்போது உண்டாகும் இழைகளில் பல அந்த மூடி இல்லாமல், மூன்று பாஸ்பேட்டோடு மொட்டைத் தலையாக நிற்கும். ரிக்-ஐ என்ற உணரி தேடுவது அந்தத் தலையை. நீளமான இரட்டை இழை ஆர்.என்.ஏ. நல்ல நிலையிலுள்ள நம் செல்லுக்குள் மிக அரிது. வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது அது உண்டாகியே தீரும். எம்டிஏ5 என்ற உணரி அதைப் பிடிக்கும். இரண்டாவது, இடத்தை வைத்து. செட்டிநாட்டு வீட்டின் திண்ணையில் தெரியாதவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் வழிப்போக்கர் என்று விட்டுவிடுவார்கள். அவரே முகப்பும் வளவும் தாண்டி இரண்டாம் கட்டில் நின்றால், அவர் யார் என்று கேட்பதற்கு முன்பே வீடு கூடிவிடும். டி.என்.ஏ. இருக்க வேண்டிய இடம் உட்கரு. அது செல்லின் திரவப் பகுதியில் மிதந்தால், அது யாருடையதாக இருந்தாலும் சிஜிஏஎஸ் என்ற உணரி எச்சரிக்கை எழுப்பும். வெளியிலிருந்து விழுங்கிய பொருள் செரிக்கும் பைகளுக்குள் ஆர்.என்.ஏ. கிடந்தால் டோல் வகை உணரிகளான டிஎல்ஆர்3, டிஎல்ஆர்7 ஆகியவை எழுப்பும். நம் உணரிகள் ஒவ்வொரு வைரஸையும் பெயர் சொல்லி அறிந்தவை அல்ல. 2006-இல் பரவிய சிக்குன்குன்யாவை இளையவர்கள் பெரும்பாலோரின் உடல் முன்பின் பார்த்ததில்லை. ஆனாலும் அதன் இரட்டை இழை சரியாகப் பிடிபட்டது.

ரிக்-ஐயோ எம்டிஏ5-ஓ தூண்டப்பட்டதும் செய்தி மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சுவரில் உள்ள மாவ்ஸ் என்ற புரதத்துக்குப் போகிறது. ஒரு மாவ்ஸ் உருமாறினால் பக்கத்து மாவ்ஸும் அதே உருவுக்கு மாறும். சில வைரஸ் இழைகளால் எழுந்த செய்தி இப்படித்தான் செல் முழுக்கப் பரவும் அளவுக்குப் பெருகுகிறது. அங்கிருந்து ஐஆர்எஃப்3 என்ற புரதம் உட்கருவுக்குள் போய் இன்டர்ஃபெரான் மரபணுவை எழுப்பும். எல்லாம் சில மணி நேரத்தில்.

இன்டர்ஃபெரானைக் கண்டுபிடித்த சோதனை மிக எளியது. 1957, லண்டன் மில் ஹில்லில் உள்ள தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையம். அலிக் ஐசக்ஸும் சுவிஸ் நாட்டவரான ஜான் லின்டன்மனும் கோழிமுட்டைக் கருவின் சவ்வுத் துண்டுகளை, சூடாக்கிச் செயலிழக்க வைத்த இன்ஃப்ளுயன்சா வைரஸோடு ஊறவைத்தார்கள். பிறகு அந்தத் திரவத்தை மட்டும் எடுத்துப் புதிய சவ்வில் ஊற்றினார்கள். உயிருள்ள வைரஸைப் போட்டபோது அந்தப் புதிய சவ்வில் அது பெருகவில்லை. தொற்றுக்கு ஆளான செல் ஏதோ ஒன்றைச் சுரந்து பக்கத்துச் செல்லைக் காத்திருக்கிறது. தொற்றிய செல் தான் பிழைக்காமல் போகலாம். அதன் சுரப்பு அக்கம்பக்கத்தைத் தயார்ப்படுத்திவிடும்.

அந்தத் தயாரிப்பு நம்மை வியக்க வைக்கும் அளவுக்கு விரிவானது. இன்டர்ஃபெரான் வந்து தொட்ட செல்லில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒரே வீச்சில் விழிக்கின்றன. பிகேஆர் என்ற புரதம் இரட்டை இழையைக் கண்டால் செல்லின் புரத உற்பத்தியையே நிறுத்திவிடும். வைரஸுக்குத் தன் புரதம் செய்ய இயந்திரம் கிடைக்காது. ஆர்னேஸ்-எல் என்ற நொதி கண்ணில் படும் ஆர்.என்.ஏ.வையெல்லாம் துண்டாக்கும், நம்முடையது உட்பட. ஐஃபிட்எம் வகைப் புரதங்கள் சவ்வை இறுக்கிப் பல வைரஸ்கள் உள்ளே வருவதையே தடுக்கும். எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது வைபெரின். ஆர்.என்.ஏ. எழுத்துகளில் ஒன்றை அது சற்றே பழுதாக்கி, போலி எழுத்து ஒன்றைச் செய்து வைக்கிறது. டெங்கு குடும்பத்து வைரஸின் படியெடுக்கும் நொதி ஏமாந்து அதைக் கோத்தால் இழை அந்த இடத்தோடு நின்றுபோகும். 2018-இல்தான் இது தெரியவந்தது. மருந்து நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செய்த வைரஸ் எதிர்ப்பு மருந்துகளின் தத்துவத்தை நம் செல்கள் முன்பிருந்தே கையாண்டு வந்திருக்கின்றன.

இதற்கும் அடங்காத செல்லை இயற்கைக் கொல்லிச் செல்கள் கவனிக்கும். வைரஸ் பிடித்த செல், தன்னைக் காட்டிக்கொடுக்கும் அடையாளப் புரதத்தை மேற்பரப்பிலிருந்து மறைப்பதுண்டு. அடையாளம் காணாமல் போனதையே குற்றமாக எடுத்துக்கொண்டு கொல்லும் முறையை ஸ்வீடனின் கிளாஸ் கேர 1980-களில் விளக்கினார்.

வைரஸ் சும்மா இருக்கவில்லை. டெங்கு தன் இரட்டை இழைகளைச் செல்லின் உட்சவ்வில் சிறு பைகள் செய்து அவற்றுக்குள் ஒளித்து வைக்கிறது. தன் ஆர்.என்.ஏ.வின் தலையில் நம்முடையதைப் போலவே மூடி மாட்டிக்கொள்கிறது. அதன் என்எஸ்5 புரதம், இன்டர்ஃபெரானின் செய்தியை உட்கருவுக்குக் கொண்டுபோகும் ஸ்டாட்2-ஐ அழித்துவிடுகிறது. அதன் கத்தரி நொதி, சிஜிஏஎஸின் செய்தியைக் கடத்தும் ஸ்டிங் என்ற எச்சரிக்கைப் புரதத்தை வெட்டும். டி.என்.ஏ.வுக்கான எச்சரிக்கையை ஆர்.என்.ஏ. வைரஸ் ஏன் வெட்ட வேண்டும்? டெங்கு பெருகும்போது மைட்டோகாண்ட்ரியா அடிபட்டு அதன் டி.என்.ஏ. வெளியே கசிகிறது, அந்த வழியாகவும் மாட்டிக்கொள்ளாதிருக்கத்தான். ஆனால் எலியின் ஸ்டிங்கை அதனால் வெட்ட முடிவதில்லை. சாதாரண ஆய்வக எலிக்கு டெங்கு எளிதில் பிடிக்காததற்கு இது ஒரு காரணம். சிக்குன்குன்யாவின் வழி முரட்டுத்தனமானது. அதன் என்எஸ்பி2 புரதம், செல் தன் மரபணுக்களைப் படிக்கும் நொதியையே சிதைத்து, எந்தப் புதிய ஆணையும் எழாமல் செய்துவிடும்.

ஆகவே ஓட்டம் மணிக் கணக்கில் நடக்கிறது. வைரஸ் வாயை அடைப்பதற்கு முன் செல் கூவிவிட்டதா என்பதே கேள்வி. பாரிஸ் பாஸ்டர் நிலையத்தின் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வளர்ந்த எலிக்குச் சிக்குன்குன்யா செலுத்தினால் அதிகம் பாதிப்பில்லை. இன்டர்ஃபெரானை உணரும் ஏற்பி இல்லாத எலியோ செத்துப்போகிறது. புதிதாய்ப் பிறந்த எலிக்குட்டியும் தாங்குவதில்லை. 2005-06-இல் ரெயூனியன் தீவில் மூன்றில் ஒருவருக்கு இந்த நோய் கண்டபோது, பிரசவ நேரத்தில் ரத்தத்தில் வைரஸ் இருந்த தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிக்குத் தொற்று வந்தது. பல குழந்தைகளுக்கு மூளை பாதிக்கப்பட்டது. பிரசவத் தேதி நெருங்கிய பெண்ணைக் கொசுவலைக்குள் வைத்துக் காக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டாம்.

இனி காய்ச்சலுக்கு வருவோம். உடம்பு முறித்துப்போட்டாற்போல வலிப்பதையும் குளிரையும் சோர்வையும் வைரஸின் கொடுமை என்றே நினைக்கிறோம். ஹெப்படைடிஸ்-சி நோயாளிகளுக்கு முன்பெல்லாம் இன்டர்ஃபெரானையே ஊசியாகப் போட்டார்கள். போட்ட சில மணி நேரத்தில் அவர்களுக்குக் குளிர், காய்ச்சல், உடல்வலி, ஒன்றும் பிடிக்காத சோர்வு எல்லாம் வரும். புதிய தொற்று எதுவும் இல்லை. காய்ச்சலின் முகம் மட்டும் அப்படியே வந்து நிற்கும். காவல் செல்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 போன்றவை மூளையின் ஹைப்போதலாமஸில் புரோஸ்டாகிளாண்டினைக் கூட்டி, உடலின் வெப்பமானியை மேலே தூக்கி வைக்கின்றன. பாராசிட்டமால் தணிப்பது இந்த இடத்தில்தான். வைரஸை அது தொடுவதில்லை. டெங்கு சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் கூடாது என்பது ரத்தக்கசிவு கருதி. வலி தாங்காமல் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது இன்றும் நடக்கிறது என்பதால் இதை இங்கே சொல்லியாக வேண்டும்.

சிக்குன்குன்யாவில் வைரஸ் ரத்தத்திலிருந்து போன பிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் கைவிரலும் கணுக்காலும் வலிக்கின்றன. மூட்டைச் சுற்றிக் கூடிய மேக்ரோஃபேஜ்கள் கலையாமல் அழற்சியை வளர்த்துக்கொண்டிருப்பது அதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. தொடங்கியது நேரத்துக்கு அடங்கவில்லை.

டெங்குவில் அடங்காமையின் விலை இன்னும் பெரியது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆபத்து தொடங்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். ரத்தத்தில் வைரஸ் குறைந்துகொண்டே வருகிறது; ஆனால் அதுவரை சுரந்த அழற்சிப் பொருள்களும், வைரஸின் என்எஸ்1 புரதமும் சேர்ந்து நுண்குழாய்களின் சுவரைத் தளர்த்திவிடுகின்றன. என்எஸ்1 நம் டிஎல்ஆர்4 உணரியையே தூண்டிவிட்டு அழற்சியைக் கிளப்புகிறது என்று 2015-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. சுவர் தளர்ந்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் சேரும்; ரத்தம் கெட்டியாகும்; அழுத்தம் விழும். ஏற்கெனவே வேறு வகை டெங்கு வந்தவருக்கு இந்த அபாயம் கூடுதல். பழைய எதிர்ப்பொருள் புதிய வகையை முடக்க முடியாமல் ஒட்டிக்கொண்டு, அதை மோனோசைட் செல்களுக்குள் வழிகாட்டி விட்டுவிடுவதைத் தாய்லாந்து நோயாளிகளை ஆராய்ந்த ஸ்காட் ஹால்ஸ்டெட் 1960-களிலிருந்து எடுத்துச் சொன்னார். அந்த வழியாக நுழையும் வைரஸ், செல்லின் இன்டர்ஃபெரான் எச்சரிக்கையையும் மந்தப்படுத்துவதாகப் பிற்கால ஆய்வுகள் கூறின.

நம் ஊரில் டெங்கு என்றதும் தட்டணு எண்ணிக்கையைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ‘பிளேட்லெட் எவ்வளவு?’ என்று வெளிநாட்டிலிருந்துகூடத் தொலைபேசியில் விசாரிப்பார்கள். தட்டணு குறைவது கவனிக்க வேண்டியதுதான். ஆனால் உயிரை எடுப்பது பெரும்பாலும் கசிவு. அதைச் சொல்லும் எண் அதே தாளில் பிசிவி என்ற வரியில் இருக்கிறது. தட்டணு இறங்கும்போது பிசிவி ஏறினால் நீர்ப்பகுதி வெளியேறுகிறது என்று பொருள். அத்தோடு விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறில் ரத்தம், குழந்தை அசந்து கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், காய்ச்சல் விட்டுவிட்டதே என்று காத்திருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வகுத்த எச்சரிக்கைக் குறிகள் இவை. அளந்து ஏற்றும் உப்புநீரால் இந்தக் கட்டத்தைக் கடத்திவிட முடியும். காரைக்குடியிலும் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கிடைக்கக்கூடிய சிகிச்சைதான் அது. தாமதம் மட்டுமே எதிரி.

நிலவேம்புக் குடிநீரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு தமிழ்நாட்டில் முடியாது. 2012-இல் டெங்கு பரவியபோது அரசு மருத்துவமனைகளில் அதை வழங்கினார்கள். 2017-இலும் முகாம் போட்டுக் கொடுத்தார்கள். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சு, சந்தனம், சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு, பற்படாகம், பேய்ப்புடல் ஆகிய ஒன்பதும் சேர்ந்த சித்த மருந்து அது. ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் அதன் சாறு இந்த வைரஸ்களின் பெருக்கத்தைக் குறைத்ததாக ஆய்வுகள் வெளிவந்திருக்கின்றன. செல்லில் நடப்பது உடலில் நடக்கும் என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. மரபு மருத்துவத்தின் மீது உண்மையான மதிப்பு இருந்தால், குடித்தவருக்கும் குடிக்காதவருக்கும் கசிவும் மரணமும் எப்படி வேறுபடுகின்றன என்பதை ஒழுங்காகப் பெரிய அளவில் சோதிக்க வேண்டும். குடிநீர் குடிக்கிறோம் என்ற தைரியத்தில் ஐந்தாம் நாள் ரத்தப் பரிசோதனையை விடுவதுதான் எனக்கு அச்சம் தருகிறது.

‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவது’ என்ற பேச்சுக்குக் கொரோனா அளித்த விடையையும் பார்க்க வேண்டும். 2020-இல் ஷான்-லோரான் கசனோவாவின் குழு, உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போன 987 பேரின் ரத்தத்தை ஆராய்ந்தது. அவர்களில் 101 பேரின் ரத்தத்தில், தம் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள் இருந்தது.  வெளியே தெரியாத அந்த ஒரு குறையால் முதல் நாட்களில் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. வைரஸ் தடையின்றிப் பெருகியது. பின்னர் வந்த அழற்சி நுரையீரலைத் தாக்கியது. அயோவாவில் ஸ்டான்லி பெர்ல்மனின் குழு அதற்கு முன்பே, 2019-இல், மெர்ஸ் வைரஸ் தொற்றிய எலிகளில் இதன் மறுபக்கத்தைக் காட்டியிருந்தது: இன்டர்ஃபெரானைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் எலி பிழைத்தது, தாமதமாகக் கொடுத்தால் நோய் முற்றியது. ஒரே பொருள், ஒரே எலி வகை. நாள் மட்டும் வேறு. எந்தப் பொடியும் இந்த நாளைச் சரிபார்த்துக் கொடுப்பதில்லை.

கொசுவின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்கலாம். ஏடிஸ் கொசுவுக்கு எதிர்ப்பொருள் கிடையாது. டெங்கு அதன் குடலில் நுழைந்து உமிழ்நீர்ச் சுரப்பி வரை பரவினாலும் அது பெரிதாக நோயுறுவதில்லை. வைரஸின் இரட்டை இழையை டைசர்-2 என்ற நொதியால் நறுக்கி, அந்தத் துண்டுகளையே அடையாளமாக வைத்து மேலும் நறுக்கி, வைரஸை ஒழிக்காமல் ஓர் எல்லைக்குள் வைத்துக்கொண்டு வாழ்கிறது. அந்த எல்லையை இன்னும் கீழே இறக்க முடிந்தால் வைரஸ் உமிழ்நீருக்கே வந்து சேராது. வால்பாகியா என்ற பாக்டீரியா இதைச் செய்கிறது. பல பூச்சிகளில் அது இயல்பாகவே குடியிருக்கிறது. ஏடிஸ் எகிப்தியில் இல்லை. ஆய்வகத்தில் அதை ஏற்றினால் கொசுவுக்குள் டெங்கு பெருகுவது வெகுவாகக் குறைகிறது. கொசுவின் இயல்புத் தடைகாப்பை அது முன்கூட்டியே விழிக்க வைக்கிறது என்பது ஒரு விளக்கம். வைரஸுக்கு வேண்டிய கொழுப்புப் பொருளை அது எடுத்துக்கொள்கிறது என்பது இன்னொன்று. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் இப்படிப்பட்ட கொசுக்களைப் பகுதிவாரியாக விட்டுப் பார்த்த சோதனையின் முடிவு 2021-இல் வெளிவந்தது. விட்ட பகுதிகளில் டெங்கு 77 விழுக்காடு குறைவாக இருந்தது. மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 86 விழுக்காடு குறைவு. 2022-இல் புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், வால்பாகியா ஏற்றிய இந்திய ஏடிஸ் கொசு வகைகள் இரண்டை உருவாக்கியிருப்பதாக அறிவித்தது.

செட்டிநாட்டைப் போன்ற பகுதிக்கு இந்த வழி தனியாக ஆராயத் தகுந்தது. தாயிடமிருந்து முட்டைக்குப் போகும் பாக்டீரியா அது; ஓர் ஊரின் கொசுக்களில் நிலைத்துவிட்டால், பூட்டிய வீட்டின் முற்றத்துத் தொட்டியில் பொரிக்கும் கொசுவுக்கும் அது போய்ச் சேரும். ஊருக்கு ஊர் வெயில் வேறு, தண்ணீர் சேமிக்கும் முறை வேறு, கொசுவின் அடர்த்தியும் வேறு. அதிக வெப்பத்தில் ஒரு வால்பாகியா வகை கொசுவுக்குள் குறைந்துபோவதும் தெரிந்ததே. சித்திரை வெயிலில் சிவகங்கையின் சிமென்ட் தொட்டிகளில் அது நிலைக்குமா என்பதை இங்கேயே, இந்தத் தொட்டிகளிலேயே பார்க்க வேண்டும்.